ஏப்ரனை மடித்துவிட்டு

எங்கள் அம்மா, சமைக்கும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஏப்ரனோடு ஒருநாளும் வாசல் கதவைத் திறந்ததில்லை. அப்பா வேலை பார்த்த சுரங்கத்தில் விபத்துச் சங்கு ஊதி, பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து கதவைத் தட்டிய அன்றைக்கும் அப்படித்தான். அப்பா போய்விட்டார் என்று அவளுக்கு அந்தத் தட்டலிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஏப்ரனை அவிழ்த்து, நான்காக மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டுத்தான் போனாள். நானும் தங்கை வெர்னாவும் மேசைக்கு அடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெர்னா நியூயார்க் போய் நடிகையானாள். வேலைக்காரி வேஷம், பிணமாகக் கிடக்கிற வேஷம் என்று வருஷக்கணக்கில் லோல்பட்ட பிறகு, பிராட்வே நாடகம் ஒன்றில் சுரங்கத் தொழிலாளியின் மனைவியாக நடிக்கக் கிடைத்தது. கதவு தட்டப்படும் இடத்தில் அம்மாவையே கொண்டுவந்து நிறுத்தினாள். ஏப்ரன் மடிந்து முடியும்வரை அரங்கில் ஒருவர்கூட இருமமாட்டார்.

அதைப் படமாக எடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. அந்த வேஷம் தனக்குத்தான் என்று வெர்னா மலைபோல நம்பினாள். அப்போதுதான் ஹாலிவுட் நட்சத்திரம் அடெல் வின்டர்ஸ் நாடகம் பார்க்க வந்தாள். மறுநாளும் வந்தாள். ஒப்பனை அறைக்கே வந்து வெர்னாவைக் கட்டிக்கொண்டாள்.

"அந்த ஏப்ரன் மடிக்கிறது எப்படிம்மா தோணுச்சு உனக்கு? கொஞ்சம் காட்டேன்!"

என் தங்கை வெள்ளந்தி. காட்டினாள்.

"அவ சும்மா வரலடி, நோட்டம் பார்க்க வந்திருக்கா" என்றேன்.

"போக்கா! உனக்கு யாரைப் பார்த்தாலும் திருடியாத்தான் தெரியும்."

வேஷம் அடெலுக்குப் போனது. வெர்னாவுக்குக் கிடைத்தது, செய்தி கொண்டுவரும் பக்கத்து வீட்டுக்காரி வேஷம்.

"மானங்கெட்டவளே, மூஞ்சில தூக்கி எறிஞ்சிட்டு வாடி!"

"வந்து என்ன பண்ண? உன் வீட்டுல பாத்திரம் தேய்க்கவா?"

ஆக, கதவுக்கு வெளியே நின்று தட்டியது என் தங்கை. உள்ளே விளக்கு வெளிச்சத்தில் ஏப்ரனை மடித்தது இன்னொருத்தி. அடெலுக்கு விருது கிடைத்தது. மேடையேறி, தன் நாய்க்குட்டிக்குக்கூட நன்றி சொன்னாள். வெர்னாவின் பெயர் அவள் வாயில் வரவில்லை.

பல வருஷம் கழித்து அந்த நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வெர்னாவுக்குப் பழைய வேஷமே திரும்பக் கிடைத்தது. எங்கள் ஊர் ஸ்க்ரான்டனுக்கும் வந்தாள். முன்வரிசையில் நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

கதவு தட்டப்பட்டது. ஏப்ரன் முடிச்சில் வெர்னா கைவைத்தாள். எனக்குப் பின்னாலிருந்து ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்:

"ஐயோ பாவம், அப்படியே அடெல் வின்டர்ஸைக் காப்பியடிக்கிறா பாரு!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். மேடைக்குக் கேட்டுவிட்டது. வெர்னாவின் கை முடிச்சிலேயே நின்றது. பிறகு கையை எடுத்துவிட்டு, ஏப்ரனோடு போய்க் கதவைத் திறந்தாள்.

அம்மா செத்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை.