கைக்காரர்

ஊரார் படத்துக்கெல்லாம் சட்டம் போட்ட மனிதருக்கு, சட்டம் போட ஒரு நல்ல படம் கிடைக்கவில்லை. முப்பது வருஷம் கடையில் உட்கார்ந்து மரத்தை அறுத்து ஆணி அடித்தவர். செத்து நாற்பது நாளாயிற்று, இன்னும் சுவரில் ஏறவில்லை. காமிராவைக் கண்டால் கழுத்தைத் திருப்பிக்கொள்கிற சுபாவம் அவருக்கு. கம்ப்யூட்டரில் ஏதாவது கிடைக்கும் என்று அதன் முன்னால் வந்து உட்கார்ந்தாள் அவர் மனைவி. மூன்று மணிக்கு மகள் வந்து அதை எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தாள். பக்கத்திலேயே தையல் மிஷினில், யாரோ கால் நீளம் குறைக்கக் கொடுத்த கறுப்பு பேன்ட் பாதியில் கிடந்தது.

பாஸ்வேர்டைக் கீபோர்டின் அடியிலேயே எழுதி ஒட்டி வைத்திருந்தார். மறதிக்காரர்.

திறந்ததும் சிலுவை, பென்சிலில் வரைந்த படம். மனுஷன் கடைசி காலத்தில் ரகசியமாக பக்திமான் ஆகிவிட்டாரா என்றுதான் முதலில் நினைத்தாள், பாவம். சாமி கும்பிடச் சொன்னால் "நீயே எனக்கும் சேத்துக் கும்பிட்டுக்கோ" என்று நழுவுகிறவர் ஆயிற்றே என்று சிரிப்புக்கூட வந்தது. பிறகுதான் அதில் இருப்பது ஒரு பெண் என்பதைக் கவனித்தாள். நல்ல வளர்ந்த பெண். உடம்பில் ஒரு முழத் துணி இல்லை. முகத்தில் வலியும் இல்லை. அந்த முகம் காட்டுவது என்ன என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒருதரம் கண்ணாடியில் தன் முகத்திலேயே பார்த்திருக்கிறாள். அடுத்த படம், அதற்கடுத்த படம், இருநூறுக்கு மேல். எல்லாம் சிலுவை, எல்லாம் பெண்கள்.

"இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு இருந்தியே, படுபாவி!" என்று வாய்விட்டே சொன்னாள். மகள் இதைப் பார்த்தால் என்ன ஆகும்? அழித்துவிட வேண்டியதுதான். ஆனால் தெரியாமல் எப்படி அழிப்பது? எந்தச் சிறுக்கியின் முகத்தை வரைந்திருக்கிறார் என்றாவது தெரிய வேண்டாமா?

படங்கள் இருந்த இடம் இன்டர்நெட்டில் ஒரு குழு. மரமும் மேனியும் என்று பெயர். வயது வந்தவர்கள் மட்டும், எங்கெங்கோ இருக்கிறவர்கள். பழைய பேச்சுகளைப் படித்ததில் அவர்களுக்குள் இருந்த ஒரு வழக்கம் புரிந்தது. ஒரு படத்தை ஒருவரே வரையக் கூடாது. ஒருவர் மரம் போடுவார், அடுத்தவர் உடம்பு, மூன்றாமவர் கைகள், கடைசி ஆள் முகம். ஒருவர் இடத்தில் இன்னொருவர் பென்சில் வைப்பதில்லை. இவர் அங்கே கைக்காரர். முகம் ஒன்றுகூட இவர் வரைந்ததில்லை.

அப்பாடா என்று மூச்சு விட்டவள், கைகளை அப்போதுதான் பார்த்தாள்.

இடது கைச் சுண்டுவிரல் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருந்தது. சின்ன வயதில் கதவில் நசுங்கிய விரல். ஆள்காட்டி விரல் நுனியில் கடுகளவு வடு. பதினோரு வருஷத்துக்கு முன் மிஷின் ஊசி நகத்தோடு இறங்கிய இடம். இருநூறு பெண்களுக்கும் இவள் கை.

மூன்று, நான்கு வருஷமாக அவர் அவளைத் தொட்டதெல்லாம் கையை மட்டும்தான். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் "கையைக் காட்டு" என்பார். விரித்து, ஒவ்வொரு விரலாகத் திருப்பி, வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார். பேசத் தெரியாத மனுஷனுக்கு அதுதான் பிரியம் என்று இவள் நினைத்திருந்தாள். அவர் போனபின் இந்த நாற்பது நாளும் அதை நினைத்துத்தான் தூங்கினாள். கடைசியில் அது மாதிரிக்குப் பார்த்ததா? இதற்குத்தானா? அவளுக்கு அழுகை வந்தது. செத்த அன்றைக்குக்கூட இப்படி வரவில்லை.

துடைத்துக்கொண்டு, அழிப்பதற்காக எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கப்போனபோது அந்தப் பேச்சு கண்ணில் பட்டது. ராக்கோழி என்ற ஆள் கேலி செய்திருந்தான். "அண்ணே, கடையில நாள் பூரா ஆணி அடிக்கிற ஆளு நீங்க. இங்க எல்லாரும் ஆணி போடறாங்க, நீங்க மட்டும் கயிறு. அதுவும் தொளதொளன்னு. புள்ள கைய உருவிக்கிட்டு ஓடிடும்ணே!"

அவர் பதில்: "ஓடினா ஓடட்டும். இந்தக் கையில ஒருதரம் ஊசி ஏறினதப் பாத்தேன். நிக்க முடியல, தெருவுக்கு ஓடிட்டேன். ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகல. இந்தக் கையில ஆணி என்னால முடியாது. கயிறுதான்."

அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். விரலில் ரத்தம் கொட்டக் கொட்ட, பக்கத்து வீட்டுக்காரியோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் அவள். "கட்டின புருஷன் எட்டிப் பாக்கல" என்று பதினோரு வருஷமாகக் குத்திக்காட்டியிருக்கிறாள். போன வருஷம் மருமகன் முன்னாலும் சொன்னாள். அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த ஒரு வரியை முகம் தெரியாத யாரோ ராக்கோழியிடம் சொல்லத் தெரிந்ததே, என்னிடம் சொன்னால் குறைந்தா போயிருப்பாய்?

படங்களை மறுபடி பார்த்தாள். எல்லா மணிக்கட்டிலும் கயிறு ஒரு விரல் போக இடம் விட்டுத்தான் இருந்தது. சட்டைக் கைப்பட்டிக்கு அவள் விடுகிற அதே அளவு.

கடைசிப் படம் முடியாமல் நின்றிருந்தது. மரம் இருந்தது, உடம்பு இருந்தது. மணிக்கட்டோடு இரண்டு பக்கமும் வெறுமை. கீழே ராக்கோழி எழுதியிருந்தான்: "அண்ணே, ஒன்றரை மாசமாச்சு. வேற யாரும் கை வைக்க மாட்டோம். உடம்பு சரியில்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

ஒற்றை விரலால் தட்டினாள். "அவர் போயிட்டார். நாற்பது நாள் ஆச்சு. நான் அவர் வீட்டுக்காரி."

பதில்கள் ஒன்றொன்றாக வந்தன. "ஐயோ." "அண்ணே போயிட்டீங்களா." முகம் வரைகிற பெண் ஒருத்தி, "நான் இப்ப ஆபீஸ்ல அழுதுட்டு இருக்கேன்" என்றாள். வாசலில் நின்று துக்கம் கேட்டவர்களில் ஒருவர்கூட இப்படி அழவில்லை. கடைசியில் ராக்கோழி கேட்டான்: "அம்மா, தப்பா நினைக்காதீங்க. அந்தக் கை உங்களுதா?"

வாசல் மணி அடித்தது. "அம்மா! தூங்கறியா? ஆட்டோ நிக்குது, கம்ப்யூட்டர எடுத்துக்கறேன்!"

"அது இப்பக் குடுக்கறதுக்கு இல்லடி. இரு, வரேன்."

"ஏம்மா? என்னாச்சு?"

அவள் திரையில் கையில்லாமல் நின்ற மணிக்கட்டுகளைப் பார்த்தாள். மிஷின் மேல் கிடந்த கறுப்பு பேன்ட்டை இழுத்து மேஜையில் நிரவினாள். இடது கையை அதன் மேல் விரித்து வைத்தாள். வலது கையால் துணியில் அளவு குறிக்கிற சாக்பீஸை எடுத்து, மணிக்கட்டிலிருந்து தொடங்கி, விரல் விரலாகச் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டு வந்தாள். மணி மறுபடி அடித்தது. வளைந்த சுண்டுவிரலை அவசரமில்லாமல் சுற்றி முடித்துக் கையை எடுத்தாள். கறுப்பில் வெள்ளையாக அது விரிந்து கிடந்தது, அவர் பார்ப்பதற்கு வெளிச்சத்தில் காட்டுகிற மாதிரியே.