கொல்லாப் பட்டு

கொசு கடித்தாலும் ஊதி அனுப்புகிறவள் என்று திரிசலாவை பிளஸ் ஒன் வகுப்பே கிண்டலடிக்கும். சமண வீட்டுப் பெண் என்றால் ஆரணியில் அந்தக் கிண்டல் தானாக வந்துவிடும், யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. அவளும் கூடச் சிரிப்பாள். ஆனால் அறிவியல் மன்றச் செயலாளராக ஆனதும் அவள் செய்த முதல் காரியம், அந்தக் கிண்டலையே கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டு போகக் கிளம்பியதுதான்.

பட்டுக்கூட்டை வழக்கமாக வெந்நீரில் போடுவார்கள். உள்ளே இருக்கும் பூச்சி செத்துப்போகும், நூல் அறுபடாமல் பளபளவென்று வரும். பூச்சி தானாகக் கூட்டைத் துளைத்து வெளியே போகட்டும், மிச்சத்தைப் பஞ்சு மாதிரி பிய்த்து நூற்கலாம் என்றாள் திரிசலா. அந்த நூல் மங்கலாக, முண்டும் முடிச்சுமாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டுமே. பட்டில் பிழைக்கிற ஊரிலிருந்து ஒரு பெண் போய் இப்படியும் முடியும் என்று காட்டினால் மாநிலக் கண்காட்சி வரைக்கும் போகலாம். அவளுக்கு அங்கே போயே ஆகவேண்டும். ஓர் உயிரும் போகாமல் போகவேண்டும்.

அப்பா மல்லிநாதன் சரி என்று சொன்னதே அந்த நிபந்தனையின் பேரில்தான். அரிசி மண்டிக்காரர். மூட்டையில் வண்டு வந்தால் மருந்து வைக்காமல், நிழலில் கொட்டி வைத்துவிட்டு வண்டு போகிறவரை உட்கார்ந்திருப்பார். அக்கம்பக்கத்து மண்டிகளில் அது ஒரு தமாஷ். "ஒண்ணு செத்தாலும் அந்தப் பரிசு நம்ம வூட்டுக்குள்ள வரக்கூடாதும்மா" என்றார். அவள் சரி என்றாள்.

மன்றத்தைப் பார்த்துக்கொள்கிற கோபிநாத் சார் நல்ல மனிதர். அதுதான் பேஜாரே. கெட்ட மனிதராக இருந்திருந்தால் திரிசலா உஷாராக இருந்திருப்பாள். அவர் தறிக்கார வீட்டுப் பிள்ளை, பட்டுநூலைத் தொட்டு வளர்ந்தவர். வாணியம்பாடிக்குத் தானே போய்க் கூடுகளை வாங்கிவந்து, ஆய்வகத்தில் மூங்கில் தட்டில் பரப்பி வைத்தார்.

கண்காட்சி நெருங்கியபோது ஒரு காலையில் முதல் பூச்சிகள் கூட்டை நனைத்துத் துளைத்து வெளியே வந்தன. ஈர இறக்கையோடு, பறக்கத் தெரியாமல் தட்டிலேயே நடந்தன. திரிசலாவுக்குச் சந்தோஷத்தில் பாடமே ஏறவில்லை. அன்று மாலையும் வழக்கம்போல வெயில் இருக்கும்போதே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். விளக்கு வைத்தபின் அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. மன்றத்தில் லாவண்யாவும் மற்றவர்களும் இருந்து வேலை பார்த்தார்கள்.

மறுநாள் தட்டு காலி. மேசைமேல் சுற்றி முறுக்கிய ஒரு சிட்டம் நூல் கிடந்தது, கண்ணைப் பறித்தது.

"நேத்து நீ போனப்புறம் பாத்தேன் திரிசலா," என்றார் கோபிநாத் சார். பெருமை முகத்தில் வழிந்தது. "எல்லாக் கூடும் ஓட்ட விழற மாதிரி நனைஞ்சிகினு இருந்துது. அப்டியே வுட்டா வீணாப் போயிருக்கும். ஜல்தியா தண்ணி காயவெச்சி, நானும் லாவண்யாவும் நூலு எடுத்துட்டோம்."

"சார், ஓட்ட விழறதுக்குத்தான சார் வெச்சிருந்தோம்."

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. துளை விழுந்த கூடு என்றால் நஷ்டம் என்று பிறந்ததிலிருந்து கேட்ட மனிதர். கண்காட்சியாவது, திட்டமாவது, கூடு ஈரமானதைக் கண்டதும் கை அடுப்பைப் பற்றவைத்துவிட்டது. அவரைத் திட்டக்கூட முடியவில்லையே என்று திரிசலாவுக்கு ஆத்திரமாக வந்தது. செத்த பூச்சிகளை எங்கே கொட்டினார்கள் என்று அவள் கேட்கவில்லை.

"போர்டு எழுதியாச்சும்மா," என்றார் சார், குரலை இறக்கி. "பேரும் குடுத்தாச்சு. இந்த நூலையே வெச்சிப் பேசு. நீ வரலன்னா மத்த பசங்களும் போவ முடியாது."

மற்ற பிள்ளைகளுக்காகத்தான் போனாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படியில்லை. மாநிலம் என்ற வார்த்தை அவளை இழுத்துக்கொண்டு போனது.

திருவண்ணாமலையில் நடந்த மாவட்டக் கண்காட்சிக்கு நடுவராக வந்தவர் எந்த ஊரோ கணக்கு வாத்தியார். பட்டு தெரிந்தவர் யாராவது வந்திருந்தால் அந்தப் பளபளப்பைப் பார்த்த நொடியே பிடித்திருப்பார். இவர் நூலைத் தடவிப் பார்த்து, "எல்லாமே பூச்சி வெளிய போன கூடுதானா?" என்று கேட்டார்.

திரிசலாவுக்கு நாக்கு தடுமாறியது. "ஆ... ஆமாங்க சார்."

முதல் பரிசு. மாநிலத்துக்குத் தேர்வு. பள்ளி வாசலில் அவள் முகத்தோடு பேனர். ஞாயிற்றுக்கிழமை ஜினாலயத்தில் சமணச் சங்கம் சார்பில் பாராட்டு விழா என்று பத்திரிகை அடித்து வந்தவாசி வரைக்கும் கொடுத்துவிட்டார்கள். கோயிலில், அத்தனை பேர் நடுவில், எப்படி நிற்பது? அப்பா அடிக்கட்டும், கேடயத்தைத் தூக்கித் தெருவில் போடட்டும் என்று சனிக்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மல்லிநாதன் ஒன்றைத்தான் முதலில் கேட்டார்.

"எல்லாமேவா செத்துச்சு?"

"முதல்ல வந்தது தவிர எல்லாமே."

"நீயா போட்ட? சார்தான போட்டாரு."

"நடுவர்கிட்ட நான்தாம்பா ஆமான்னு சொன்னேன்."

அவள் திட்டுக்காகக் காத்திருந்தாள். அந்தத் திட்டு விழுந்தால்தான் தன்னால் மூச்சுவிட முடியும் என்று இருந்தது.

அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அம்மா காதில் விழக்கூடாதாம்.

"சங்கத்துல பெரிய மனுசங்கல்லாம் வராங்க. உன்ன மேல படிக்க வெக்கிறோம்னு தலைவர் எங்கிட்டயே சொல்லிட்டாரு," என்றார். "இத இங்கயே வுட்டுடு. அவங்களும் நாளைக்கி அந்த நடுவர் கேட்டதையே கேப்பாங்க. இன்னா சொல்லுவ?"

திரிசலா அவர் முகத்தையே பார்த்தாள்.

"சொல்லும்மா. எங்கிட்ட ஒருவாட்டி சொல்லிப் பாரு."

"ஆமாங்க," என்றாள், "எல்லாமே பூச்சி வெளிய போன கூடுதாங்க."

"அவ்ளோதான்," என்றார் மல்லிநாதன். "பாரு, இப்ப தடுமாறவே இல்ல."