கடைத்தெருச் சொல்லுக்குக் குலப்பெருமை

இங்கிலாந்தின் பீங்கான் சூளை ஊரான பர்ஸ்லெமில் பஸ் கண்டக்டரிலிருந்து கசாப்புக்கடைக்காரர் வரை யாரும் யாரையும் 'டக்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாத்துதான், ஆனால் கண்ணு, ராசா என்பதுபோல ஒரு பிரியம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கிளமென்ட் சால்ட் மட்டும் அந்தச் சொல்லைத் தன் வீட்டுப் படியேற விட்டதில்லை. அது சூளைக்காரர்கள் பேச்சு என்று கல்யாணமான வாரமே மனைவி ஐவியிடம் சொல்லிவிட்டார். ஐவியின் அப்பா பீங்கான் சூளையில்தான் வேலை பார்த்தார்.

அப்படிப்பட்டவர் இப்போது, அந்தச் சொல் வாத்திலிருந்து வரவேயில்லை, பழைய சாக்சன் தலைவர்களின் பட்டத்திலிருந்து வந்தது என்று முடிவுகட்டியிருந்தார். ஆதாரம் சற்று மெலிவு, குரலால் ஈடுகட்டிக்கொள்வார். சனிக்கிழமை மதியம் வரலாற்றுச் சங்கத்தில் அதைப் பற்றி உரை.

ஐவி கீழறையில் கட்டிலோடு கிடந்தாள். டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"பெரிய வீட்டுச் சொல்லுன்னு ஆயிருச்சுல்ல கிளெம். இப்பவாச்சும் என்னை ஒரு தடவ அப்படிக் கூப்பிடுங்களேன்."

சால்ட் தொண்டையைச் செருமினார். "டக்."

"அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி இருக்கு. பால்காரன் எவ்வளவு நல்லாச் சொல்றான்."

துணைக்கு வந்திருந்த பக்கத்துவீட்டு டோரீன் சிரிப்பை டீக்கோப்பைக்குள் மறைத்தாள்.

"சங்கம் ஒத்துக்கட்டும் ஐவி. வந்து முறையாச் சொல்றேன்."

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே."

"நான் பாத்துக்கறேன். சீக்கிரம் வந்து சேரு, டக்," என்றாள் டோரீன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே கிளம்பினார்.

சங்கத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். உரை முடிந்ததும், தாமதமாக வந்திருந்த கவுன்சிலர் ஒருவர், முதல் பாதியைத் தவறவிட்டேனே என்று மரியாதைக்கு வருத்தப்பட்டார். சால்ட் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வீடு திரும்பியபோது வாசலில் கறுப்பு வண்டி நின்றது.

"வந்துட்டாரா, வந்துட்டாரான்னு கேட்டுக்கிட்டே இருந்தா," என்றாள் டோரீன்.

உள்ளே ஈமச்சடங்குக் கடை ஆள் ஐவியின் முகத்தின் மேல் துணியை இழுத்து மூடிக்கொண்டிருந்தான். "வா டக், நனையாமப் போயிரலாம்," என்றான் அவளிடம், வெகு சாதாரணமாக.

சால்ட் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். குனிந்து அவள் காதருகே போனார். அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லத்தான் போனார். வாயில் வந்ததென்னவோ, உரையின் முதல் வரியான "இச்சொல்லின் தோற்றம் குறித்துப் பல தவறான கருத்துகள் நிலவுகின்றன" என்பதுதான். அதற்கப்புறம் நிறுத்தவும் தெரியவில்லை.

அந்த ஆள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.