ஏதோ ஓர் ஆலை

என் வீட்டுக்காரருக்குச் செய்தி படிக்கத் தெரியாது. செய்தியில் இருக்கிற தப்பைப் படிக்கத்தான் தெரியும். அந்தப் பழக்கம் போன வாரம் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

அவர் வரி அலுவலகத்தில் எழுத்தர். அங்கே எல்லாம் எண்கள், திருத்துவதற்கு மனுஷனுக்கு ஒரு வாக்கியம்கூடக் கிடைக்காது. அதனால் காலையில் பல் தேய்த்த கையோடு போனில் ஒரு செய்தித் தளத்தைத் திறந்து, ஒவ்வொரு செய்திக்குக் கீழேயும் கமென்ட் போட உட்கார்ந்துவிடுவார். “இரண்டாம் வரியில் ‘க்’ எங்கே?” “இந்த வாக்கியத்துக்கு எழுவாய் உண்டா, இல்லை விடுமுறையில் போயிருக்கிறதா?” “ஆசிரியர் குழு உறங்குகிறதா?” நிலநடுக்கமா, தேர்தலா, நடிகை கல்யாணமா, இவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

நான் வேலை செய்கிற பிஸ்கட் ஆலையில்கூட இவரைத் தெரியும். “உன் வீட்டுக்காரரு இன்னிக்கும் ஒரு ஆளை வறுத்து எடுத்துட்டாரு” என்று பேக்கிங் பிரிவில் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். குடிக்கிற புருஷன், அடிக்கிற புருஷன் என்று எத்தனை பேர் மாரடிக்கிறார்கள். இவர் ‘க்’கும் ‘ச்’சும் கேட்கிற புருஷன், கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன்.

போன வாரம் எனக்குக் கண் வலி. இரண்டு கண்ணும் சிவந்து, காலையில் இமை பிரியாமல் ஒட்டிக்கொண்டது. சாப்பிடுகிற பொருளைத் தொடுகிற வேலை என்பதால் கண் வலிக்காரர்களை வாசலைத் தாண்ட விட மாட்டார்கள். சரியானதும் வந்தால் போதும் என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார். போன் பக்கமே திரும்பக் கூடாது என்று டாக்டர் வேறு சொல்லிவிட்டார்.

“அதுக்கென்ன? போன் அடிச்சா நான் எடுத்துக் குடுக்கறேன். செய்தியெல்லாம் நானே படிச்சுக் காட்டறேன். நீ கண்ணை மூடிட்டுப் படு” என்றார் இவர். என் போனை அலமாரி மேல் கவிழ்த்து வைத்தார். கண்ணில் மருந்து விட்டார், ரசம் வைத்தார், துணி துவைத்தார். குறை சொல்லக் கூடாது, நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை, நான் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். இவர் திடீரென்று தொடையில் தட்டினார்.

“அநியாயம்! இதைக் கேளேன். ‘வெள்ளிக்கிழமை வரை அவகாசம் அளிக்கப்பட்டுள்ளதாகத் தெரியவந்துள்ளதாகக் கூறப்படுகிறது.’ தெரியவந்துச்சா, யாராவது கூறினாங்களா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லித் தொலையேன்டா!”

“எதுக்குங்க அவகாசம்?” என்று கேட்டேன்.

“ஏதோ ஓர் ஆலை. அதுவா முக்கியம்? ஒரு வாக்கியத்துல எத்தனை ‘உள்ளதாக’!”

அதையும் ‘ஓர்’ போட்டுத்தான் சொன்னார். பேச்சில்கூடப் பிசக மாட்டார். அப்புறம் டொக்கு டொக்கு என்று நீளமாக ஒரு கமென்ட் எழுதினார். சாயங்காலம் அந்தத் தளத்திலிருந்து பதில் வந்தது: நன்றி ஐயா, திருத்திவிட்டோம். இத்தனை வருஷத்தில் முதல் பதில். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியூரில் நர்சிங் படிக்கிற மகளுக்குப் போன் போட்டு அந்த ஒரு வரியை மூன்று தடவை படித்துக் காட்டினார்.

சனிக்கிழமை கண் தெளிந்துவிட்டது. வேலைக்குக் கிளம்பிப் போனேன். பேக்கிங் கூடத்தில் பெல்ட் ஓடவில்லை. பெண்கள் எல்லாரும் லாக்கரைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பெட்டிக்கு டேப் ஒட்டுகிற அக்கா, டேப் அக்கா என்றே பெயர், என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

“ஏன்டி, நீ ஏன் பேரு குடுக்கல? இந்தக் கூடத்தை மூடறாங்கல்ல! புதுக் கட்டடத்துக்கு வர்றவங்க நேத்து சாயங்காலத்துக்குள்ள பேரு குடுக்கணும்னு சொன்னாங்களே. குடுக்காதவங்களுக்கு விருப்பமில்லைன்னு கணக்கு முடிச்சிடுவாங்க.”

மகளின் படிப்பு என் சம்பளத்தில்தான் ஓடுகிறது. “ஒரு போன் போடக் கூடாதாக்கா?” என்றேன்.

“எதுக்குப் போடணும்? அந்தச் செய்திக்குக் கீழ மொத ஆளா கமென்ட் போட்டதே உன் வீட்டுக்காரருதானே! எல்லாரும் பார்த்தோம். உனக்குத் தெரியும், வேற எங்கயோ வேலை தேடிக்கிட்டேன்னு நெனச்சோம்.”

ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. வந்த ஆத்திரத்தில் அவருக்குப் போன் போட்டு, “உடனே ஆலைக்கு வாங்க” என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் பேசியிருந்தால் வாயில் நல்ல வார்த்தை வந்திருக்காது.

சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். வாசலிலேயே நிறுத்தி, “அந்தப் புதன்கிழமை சேதியை எடுங்க. தப்புப் பார்க்காம ஒரு தடவை படிங்க” என்றேன். எடுத்தார். படித்தார். உதடு அசைவது நின்றது. முகத்தில் ரத்தமே இல்லை. தலையில் அடித்துக்கொள்ளப் போன கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

மேனேஜர் என் கண் வலிக் கதையைக் கேட்டுக்கொண்டார். “பட்டியலைத் தலைமை அலுவலகத்துக்கு மத்தியானம் அனுப்பணும்மா. உனக்காகத் திறந்தா நாளைக்குப் பத்துப் பேரு வருவாங்க” என்றவர், இவர் பக்கம் திரும்பினார். “சார், உங்களை எனக்கே தெரியும். அந்தச் செய்திக்கு நீங்க எழுதினதைப் படிச்சேன். அவ்வளவு நுணுக்கமா பார்த்திருக்கீங்க. வீட்டுல சொல்லலைன்னா எப்படி நம்பறது?”

இவர் எழுந்து நின்றார்.

“பார்த்தேன் சார். பார்த்தேன்னா… பார்க்கல. அவளுக்குக் கண்ணு… எதுக்கு அவகாசம்னு கேட்டா சார். ஏதோ ஒரு ஆலைன்னு… நானு… அவ அங்கதான் சார், இத்தனை வருஷமா… நான் அந்த ‘உள்ளதாக’வையே… அவ வேலை சார்.”

அவ்வளவுதான். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை. வாசலில் இருந்த கோபம் எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை.

மேனேஜர் நெற்றியைச் சுருக்கி என்னைப் பார்த்தார். “என்னம்மா சொல்ல வர்றாரு? ஒண்ணும் புரியலையே.”

“எனக்குப் புரியுது சார்” என்றேன். “இவ்வளவு சரியா அவரு இதுவரைக்கும் எதையும் சொன்னதில்ல. பேரை எழுதிக்குங்க.”

மேனேஜர் மேஜை இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்தார்.