தறிக்குழியில் ஒரு தகர டப்பா

அப்பா குப்புறப் படுத்து, இடுப்பு வரை தரையில் கிடக்க, மார்பையும் தலையையும், நெய்யும்போது கால்களை இறக்கிவைக்கும் தறிக்குழிக்குள் தொங்கவிடுவார். நான் உள்ளங்கையைக் கிண்ணம்போல் குவித்து அவர் முதுகில் தட்டுவேன். நுரையீரலின் அடியில் தேங்கிய சளி அசைந்து, தொண்டைக்கு ஏறி, குழிக்குள் வைத்திருக்கும் தகர டப்பாவில் விழும். டப்பாவில் பினாயில் தண்ணீர். ஒரு சொட்டு வெளியே போகாது. முடிந்ததும் மூடிவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்ததுதான். அங்கே கட்டிலின் கால்மாட்டை உயர்த்தினார்கள். எங்களிடம் கட்டில் ஏது? "நெசவுக்காரன் வூட்ல குழிக்கு இன்னாம்மா பஞ்சம்?" என்று சிரித்தவர் அப்பாதான். மூச்சுக்குழாய்கள் விரிந்துபோன வியாதி. தீராது. ஆனால் காலையும் மாலையும் சளியை எடுத்துவிட்டால் நெய்வார், என்னைக் கிண்டல் செய்வார். எடுக்காவிட்டால் உள்ளேயே கெட்டுக் காய்ச்சலாகும்.

அதைத்தான் பரசுராமன் பெரியப்பா நிறுத்தினார். தறியில் ஒரு முகூர்த்தப் புடவை ஏறியிருந்தது. பெண் வீட்டார் அதைப் பார்க்க வருவார்கள் என்று சொல்ல வந்தவர், அப்பா குழியில் தொங்குவதைக் கண்டுவிட்டார்.

"இன்னாடா உதயா இது? லட்சுமி இருக்கிற எடத்துல கோழ துப்பிக்கினு கெடக்கிற?"

"டப்பாலதாண்ணா..."

"செருப்போட நொழையாத எடம்டா. பொடவய அறுத்து எடுக்கற வரைக்கும் இந்த அசிங்கம் வேணாம். டிபின்னு ஊரே பேசும்."

"டிபி இல்லன்னு டெஸ்ட் பண்ணி சொல்லிட்டாங்கண்ணா. யாருக்கும் ஒட்டாது."

"ஊர் பூரா டெஸ்ட்ட காட்டிக்கினு திரி, போ."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய், வாயிலிருந்த வெற்றிலைச் சாற்றைப் பிள்ளையார் கோயில் சுவரில் துப்பினார். அந்தச் சுவர் முழுக்க அவருடைய சிவப்புதான். அது யாருக்கும் அசிங்கமில்லை. எனக்கு வார்த்தை நாக்கு வரை வந்தது. வெளியே வரவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து பெரியவர்கள் முன்னால் எனக்குப் பேச்சு வருவதில்லை.

தன் அண்ணன் சொன்னது சரி என்று அப்பாவும் நம்பியதுதான் ஆத்திரமாக இருந்தது. தறி இருக்கும் ஒரே அறைதான் எங்கள் வீடு. தலையணைகளை அடுக்கி அதன்மேல் படுக்கச் சொன்னேன். "அதுவும் தறி கண்ணு முன்னாலதானே அனு" என்றார். இருமல் வந்தால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, வந்ததை விழுங்கினார். வெள்ளையாக இருந்த சளி துண்டில் மஞ்சளாகி, பிறகு பச்சையானது. நாற்றம் வந்தது. உடம்பு கொதித்தது. புடவை முடியட்டும் என்று அப்படியே நெய்தார்.

பெண் வீட்டார் வந்த அன்று, கல்யாணப்பெண்ணின் அம்மா கரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பாவுக்கு இருமல் கிளம்பியது. உதட்டைக் கடித்து அடக்கினார். முகம் கறுத்தது. தொண்டை ஏறி இறங்கியது. மறுபடியும் விழுங்கிவிட்டார்.

நான் ஒரு போர்வையை எடுத்துப் புடவையை மூடினேன். "எழுந்திருப்பா. படு."

"அனு! அறிவு கீதா உனக்கு?" என்று கத்தினார் பெரியப்பா.

நான் அப்பாவைக் குழியோரம் படுக்கவைத்துத் தட்டினேன். அந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "வேற தறில போட்டுக் குடுங்க" என்று சொல்லி மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். போகட்டும். நான் தட்டிக்கொண்டே இருந்தேன். டப்பாவில் விழுந்ததில் ரத்தக்கோடு இருந்தது.

அப்பாவுக்கு மூச்சு கொஞ்சம் திரும்பியது. டப்பாவை மூடாமல் எடுத்துப் பெரியப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"இதத்தான் முழுங்கச் சொன்னீங்க. பாருங்க. பாத்துட்டுப் போய் ஆட்டோ கூட்டியாங்க. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பெரியப்பா வாசலுக்குப் போனார். கன்னம் உப்பியிருந்தது, வாய் நிறைய வெற்றிலைச் சாறு. சுவரைப் பார்த்தார். திரும்பி, டப்பாவோடு நிற்கும் என்னைப் பார்த்தார். பிறகு விழுங்கினார். அது தொண்டையில் இறங்கும் வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.