முப்பதாயிரத்து முப்பத்தொன்று

அந்தத் தெருவில் செவ்வாய்க்கிழமை காலையில் ஆட்களை வகுப்பார்கள். வகுக்கிறவர்கள் ஆறு பேர்: இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதிமூன்று. மீதியில்லாமல் வகுபடுகிற ஆளைப் பங்கு போட்டு எடுத்துப் போவார்கள். மீதி விழுந்தால் தொடக்கூடாது. அதற்கு நியாயம் என்று பேர் வேறு.

மங்களேஸ்வரியின் அடுத்த வீட்டு ராஜாமணி 30030. ஆறு பேருக்கும் வகுபட்டாள். அவள் கைகள் ஒரு வீட்டில் மாவு ஆட்டுகின்றன. குரல் வேறொரு வீட்டில் யார் பிள்ளைக்கோ தாலாட்டுப் பாடுகிறது.

மங்களேஸ்வரி 30031. எண் வாங்கப் போன அவள் அப்பா, கெட்டிக்காரத்தனமாக அந்த ஆறு பேரையும் ஒன்றோடொன்று பெருக்கி, மேலே ஒன்றைக் கூட்டிவிட்டார். யார் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். ஆறு பேரும் வாரந்தோறும் வந்து வகுத்துப் பார்த்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள். "உன்னை எவனாலயும் வகுக்க முடியாதும்மா, நீ பகா எண்" என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா கண்ணை மூடினார்.

இந்தச் செவ்வாய் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"நான் அம்பத்தொம்பது. வெளிய நிக்கிறது மச்சான், ஐநூத்தி ஒம்போது."

"தெரு பதிமூணோட முடியுதே."

"காலையில நீண்டுடுச்சு."

எட்டிப் பார்த்தாள். தெரு நீண்டுதான் கிடந்தது. பதிமூன்றுக்கு அப்பால் வீட்டுக்கு வீடு ஆட்கள் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். மனுஷன் தெருமுனை வரைக்கும் பார்த்துவிட்டு உலகமே அவ்வளவுதான் என்று நினைத்திருக்கிறார். செத்துப்போன அப்பா மேல் அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

ஐம்பத்தொன்பது வகுத்தார். "ஐநூத்தி ஒம்போது தடவை. சுத்தமாப் போகுது."

"மீதி?"

"ஒண்ணுமில்ல. இடது காலை மொதல்ல எடுத்துக்கிறேன்."

"உன்னை யாராவது வகுத்திருக்காங்களா?"

"முடியாதும்மா. நான் பகா எண்."

"நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன்."

அரிவாள்மனையை எடுத்து அவரை இரண்டால் வகுத்தாள். இந்தப் பக்கம் இருபத்தொன்பது, அந்தப் பக்கம் இருபத்தொன்பது, நடுவில் ஒன்று மிஞ்சி விழுந்தது. அதை வாயில் போட்டு மோரைக் குடித்தாள். மச்சான் ஓடிவந்து பாதிகளைச் சேர்த்துப் பிடித்தார். ஐம்பத்தெட்டாக எழுந்தவர் மறுபடி வகுத்துப் பார்த்தார். வரவில்லை. மச்சான் வகுத்தபோதும் ஒன்று மிஞ்சியது. இருவரும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனார்கள்.

அவர்கள் தெருவைத் தாண்டுவதற்குள் இரண்டு என்கிறவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இப்படியொரு சிரிப்பை அவள் பார்த்ததே இல்லை.

"எம்பேரச் சொல்லி அவரை வெட்டினீங்களாமே. ஒண்ணை வேற முழுங்கிட்டீங்க. இப்ப நீங்க முப்பதாயிரத்து முப்பத்திரண்டு. இரட்டைப்படை."

மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

"வலிக்காதும்மா. பாதி இங்கயே இருக்கும், பாதி எங்க வீட்டுல. ரெண்டும் நீங்கதான்."

"சரி, வகு" என்றாள் மங்களேஸ்வரி. "ரெண்டு பேருமே உன்னைச் சும்மா விடமாட்டோம்."