தழும்பாச்சா?

சோபாத் ஆற்றங்கரையில் காயம் ஆறிவிட்டது என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தழும்பாகிவிட்டது என்று சபையில் சொன்னால் மட்டும் வழக்கு அத்தோடு தீர்ந்தது. அதனால் அந்த வார்த்தையை எங்கள் ஆட்கள் லேசில் வாயைவிட்டு விடமாட்டார்கள்.

என் கணவர் தூத், காய்ச்சல் கண்டு செத்துப்போனார். மூடிய மண்ணின் ஈரம் காய்வதற்குள் அவர் அண்ணன் சுவோல், அக்கரை பீயெல்மீது வழக்கு வைத்தான். வருஷங்களுக்கு முன் மீன்பிடித் தகராறில் பீயெல் எறிந்த ஈட்டி தூத்தின் தொடையைக் கிழித்திருந்தது. அந்தப் புண்தான் உள்ளே போய் ஆளைக் கொன்றதாம். மாடு கொடு, இல்லையென்றால் ஈட்டி எடு என்றான். என் மகன் குவான்யும் ஈட்டியோடு நின்றான். ஆண்பிள்ளையானதற்கு நெற்றியில் கோடு கீறி இன்னும் பொருக்குக்கூட உதிரவில்லை. எதிரே பீயெலின் மகன்கள் ஒவ்வொருவனும் எருமை மாதிரி நின்றார்கள்.

வழக்குத் தீர்க்கும், சிறுத்தைத் தோல் போர்த்திய பெரியவர் வந்து நடுவில் உட்கார்ந்தார். "தொடையத் தொட்டுப் பாத்தவ பொண்டாட்டிதான். சொல்லும்மா, அது தழும்பாச்சா?"

சுவோல் என் பக்கம் குனிந்தான். "இல்லன்னு சொல்லு. வர்ற மாட்ட வச்சு உன் மகனுக்குப் பொண்ணு கட்டலாம்."

"செத்தவரு தொடைய வச்சு வியாபாரமா? வெக்கமா இல்ல உனக்கு?"

"அடியே, எங்க மாட்டக் குடுத்துக் கட்டிட்டு வந்தவ நீ. வாய மூடிக்கிட்டு நான் சொன்னதச் சொல்லு."

"வாய மூடிக்கிட்டு எப்படிச் சொல்றது? நீயே சொல்லிக் காட்டேன்."

பீயெல் ஆட்கள் சிரித்தார்கள். நான் பெரியவர் பக்கம் திரும்பினேன்.

"தழும்பாச்சுங்க ஐயா. வெண்ணெய் தடவினது இந்தக் கைதான். கல்லு மாதிரி இறுகிருச்சு. இந்தச் சுவோலு ரெண்டாவது கல்யாணத்துல அந்தக் காலாலதான் அவரு விடியவிடிய ஆடினாரு."

பெரியவர் எழுந்துவிட்டார். பீயெல் ஆட்கள் ஈட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். சுவோல் என் காலடியில் காறித் துப்பினான். துப்பிக்கொள்ளட்டும். என் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று எனக்குத் திமிராகவே இருந்தது.

சாயங்காலம் பால் கறந்து குவான்யிடம் கொண்டுபோனேன். கோடு கீறிய ஆண்பிள்ளை, மாட்டு மடியைத் தொடக்கூடாது. பெண் கறந்து கொடுத்தால்தான் அவனுக்குப் பால்.

"அப்பன வித்த கை. அதுல கறந்தது எனக்கு வேணாம்."

"வித்திருந்தா மாடு வந்திருக்குமேடா. எங்கடா மாடு?"

அவன் சுரைக்குடுவையைச் சாய்த்துப் பாலை மண்ணில் ஊற்றினான். பிறகு சுவோலின் குடிசை வாசலில் போய் நின்று, "பெரியம்மா, பால் இருக்கா?" என்று எனக்குக் கேட்கும்படி கேட்டான்.